நாற்பத்தோராவது வினாடி

யுன்சி: மணி ஒன்பது நாற்பது. பத்துக்கு தேர்வாளர் வந்துடுவார். பொட்டலத்த யாரு எடுத்தது?

போருய்: எந்தப் பொட்டலம்?

யுன்சி: மோட்டார் பக்கத்துல நின்னுச்சே, பச்சைப் பொட்டலம். மெஷின் மக்கர் பண்ணாம ஓடணும்னு எல்லா லேப்லயும் வெப்பாங்களே, அந்தத் தேங்காய் பொரி.

போருய்: ஓ... அதுவா.

யுன்சி: அண்ணே, உங்க உதட்டுல தூள் ஒட்டியிருக்கு.

போருய்: நாளையோட தேதி முடியுது, தங்கச்சி. கெட்டுப்போனத வெச்சா மெஷினுக்கு ஆகாது. உன் நல்லதுக்குத்தான் தின்னேன்.

யுன்சி: எட்டு மாசமா என் வேகக் கட்டுப்பாட்டுப் புரோகிராம் ஒழுங்கா ஓடுச்சு. இப்ப ஸ்கிரீனப் பாருங்க. நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐநூறு சுத்துல நிக்கவேண்டிய கோடு...

போருய்: தவளை மாதிரி குதிக்குது.

யுன்சி: இன்னைக்குக் கையெழுத்து விழலன்னா திங்கக்கிழமை சேரவேண்டிய ஷின்சூ கம்பெனி வேலை போச்சு. இன்னொரு வருஷம் இதே லேப்ல, உங்களோட...

போருய்: அது அவ்வளவு கொடுமையா?

யுன்சி: ஆறு வருஷமா இருக்கீங்க. நீங்களே சொல்லுங்க.

போருய்: ...சரி சரி. கீழக் கடையில வேற வாங்கியாந்தேன். இந்தா.

யுன்சி: மஞ்சளா!

போருய்: பச்சை தீந்துபோச்சாம். பரீட்சை வாரமாச்சே.

யுன்சி: பச்சைன்னாதான் ஓடும். பைக்குள்ள போடுங்க. மோட்டார் கண்ணுல படவேண்டாம்.

போருய்: எஞ்சினியரிங் படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?

யுன்சி: தேதி பாத்துத் தின்ன ஆளு கேக்கறார்!

போருய்: கத்தாத. வழி இருக்கு... அந்தப் பழைய ஃபைல்.

யுன்சி: வேணாம்ணே.

போருய்: இந்த லேப்போட குலதெய்வம் அது. மோட்டார் வேகத்த எவனோ எப்பவோ பதிவு பண்ணி வெச்சது. ஓடவிட்டா ஸ்கிரீன்ல கோடு ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். மோட்டார பேட்டரியில தனியா சுத்தவிடு.

யுன்சி: மோட்டார் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கமா?

போருய்: நம்ம துறைத் தலைவரும் அவரோட ஆண்டறிக்கையும் அப்படித்தானே? நல்லாத்தானே போகுது.

யுன்சி: கேள்வி கேட்டா?

போருய்: அன்னாசி கேக் ஒண்ண நீட்டு. வாய் நிறைஞ்சிருந்தா கேள்வி வராது. அப்பவும் கேட்டா, ‘கட்டுப்பாடு’ன்னு சொல்லு. எது கேட்டாலும். ஆங்... நாப்பத்தோராவது வினாடியில ஒரு குட்டிப் பள்ளம் வரும். பயந்துடாத. அது அதோட பிறவிக்குணம்.

யுன்சி: கதவத் தட்டறாங்க...

போருய்: வாங்க, பேராசிரியர் ஷ்யே! உக்காருங்க. கேக் எடுத்துக்கோங்க, சார்.

ஷ்யே: எங்க தேர்வுக்குப் போனாலும் மோட்டாருக்கு முன்னாடி கேக் வந்துடுது. அப்புறமா திங்கறேன். ...இந்த ஏ.சி. இன்னும் அதே இருமல்தானா?

யுன்சி: சார்?

ஷ்யே: ஒண்ணுமில்ல. ஓட்டும்மா.

யுன்சி: ஓடுது, சார். வேகம் ஆயிரத்து ஐநூறு.

ஷ்யே: அடேயப்பா. என்னமா நிக்குது கோடு... மோட்டாரோட அச்ச விரலால அழுத்தலாமா?

போருய்: சார், விரல்...

ஷ்யே: கட்டைவிரல் அளவு மோட்டார், தம்பி. கடிச்சுடாது. ...முனகுதே. வேகம் குறையுது. கோடு அசையல?

யுன்சி: கட்டுப்பாடு, சார்.

ஷ்யே: பிரமாதம். இப்ப பேட்டரியப் புடுங்கறேன்.

போருய்: சார்!

ஷ்யே: மோட்டார் நின்னுடுச்சா?

யுன்சி: நின்னுடுச்சு, சார்.

ஷ்யே: வேகம்?

யுன்சி: ...ஆயிரத்து ஐநூறு.

போருய்: அபாரமான கட்டுப்பாடு, சார்.

ஷ்யே: இருங்க. இப்ப ஒரு பள்ளம் வரும்.

யுன்சி: ...வந்துடுச்சு.

ஷ்யே: ம்.

யுன்சி: சார், நான் பொய் சொல்லிட்டேன். இது பழைய பதிவு. என் சொந்தப் புரோகிராம் இருக்கு. வேகம் குறைஞ்சா தானா மின்சாரத்தக் கூட்டும். நேத்து வரைக்கும் ஒழுங்கா வேலை செஞ்சுது. இன்னைக்குக் குதிக்குது. இவர் பொட்டலத்தத் தின்னுட்டார்.

ஷ்யே: பச்சைப் பொட்டலத்தையா?

போருய்: தேதி முடியுதேன்னு...

ஷ்யே: நீ சும்மா இரு. எங்கம்மா வெச்சிருந்தே?

யுன்சி: இங்க. சென்சார் மேல சாஞ்ச மாதிரி.

ஷ்யே: சென்சார் எத எண்ணுது?

யுன்சி: சக்கரத்துல ஒரு துளை. ஒரு சுத்துக்கு ஒரு தடவ வெளிச்சம் உள்ள விழும். அத.

ஷ்யே: மேல என்ன எரியுது?

யுன்சி: ட்யூப் லைட்டு... ஐயோ! அதோட துடிப்பையும் சேத்து எண்ணுதா?

ஷ்யே: அந்தப் பையில மஞ்சளா எட்டிப் பாக்குதே, அத அங்க நிறுத்து. உன் புரோகிராம ஓட்டு.

யுன்சி: மஞ்சளையா? தேர்வுலயா, சார்?

ஷ்யே: நிறுத்தும்மா.

யுன்சி: வயர மாத்திட்டேன்... ஓடுது... சார், கோடு நிக்குது!

போருய்: மஞ்சளுக்கா!

ஷ்யே: நிழலுக்கு. இரு, அச்ச அழுத்தறேன்... விழுந்துச்சு... ஏறுது... வந்துடுச்சு. இன்னொரு தடவ.

யுன்சி: விரல் சிவந்துபோச்சு, சார். இது ஏழாவது தடவ.

ஷ்யே: இரும்மா. நான் பாத்ததே இல்ல.

யுன்சி: எத, சார்?

ஷ்யே: ...பேனா குடு. எங்க கையெழுத்துப் போடணும்?

யுன்சி: இங்க... ரொம்ப நன்றி, சார். ஒண்ணே ஒண்ணு. அந்தப் பள்ளம் வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஷ்யே: ரொம்ப நேரா இருந்தா யாரும் நம்பமாட்டாங்கன்னு நான்தான் வெச்சேன். இதே மேசையில உக்காந்து, அந்த ஃபைல ஒவ்வொரு எண்ணா டைப் அடிச்சேன். அந்த வருஷம் இந்த லேப்புக்கு மோட்டாரே வரல.