குரிமோட்டோவை ஊதவைத்த காலை

பல் துலக்காமல் வேலைக்கு வருபவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் பேருந்துப் பணிமனையில் அப்படிச் சிலர் உண்டு. தினமும் காலையில் ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக என் மேசைமுன் வந்து கருவியில் ஊத வேண்டும்; பச்சை எரிந்தால்தான் சாவி. அந்த மதுச் சோதனையைக் கொண்டுவந்தவன் நான். ஆகவே அவர்களுடைய வாய்நாற்றம் எனக்குப் பழக்கம்.

அவர்களுக்குத்தான் சோதனை பிடிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் தேரோட்டி என்ற நினைப்பு. அதிலும் குரிமோட்டோவுக்குத் திமிர் அதிகம். இத்தனை வருடம் ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் கிடையாது, குடிப்பழக்கமும் கிடையாது. ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"எங்கள ஊதச் சொல்றீங்க, சரி. நீங்க என்னிக்காவது ஊதியிருக்கீங்களா, உசாமி சார்? இல்ல, ஊருக்குத்தான் உபதேசமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மேசைக்குப் பின்னால் இருப்பவனும் ஊத வேண்டும் என்று விதியில் இல்லை. விதியை எழுதியவன் நான்தானே.

கருவி வைத்த நாளிலிருந்து ஒருவர்கூடச் சிக்கவில்லை. வீண் செலவு என்று தலைமையகத்தில் முணுமுணுத்தார்கள். மீனே விழாத வலையை எத்தனை நாள் விட்டுவைப்பார்கள்? யாராவது சிக்கியாக வேண்டும். குடிக்காதவரே சிக்கினால் மற்றவர்களுக்குப் பயம் நன்றாகப் பிடிக்கும்.

அன்று பனி கொட்டியது. குரிமோட்டோவுக்கென்று வீட்டிலிருந்து ஊறுகாய் கொண்டுபோனேன். சாக்கே மதுவை வடித்த மண்டியில் வருடக்கணக்கில் ஊறிய வெள்ளரி. மேலதிகாரி கையால் நீட்டியதை அவர் கண்ணெதிரே தின்று புகழாமல் போவது எங்கள் நீகாட்டா பக்கம் அவமரியாதை.

"சாக்கே வாசம் தூக்குதே, சார். நான் வண்டி எடுக்கணுமே."

"என் வீட்டுக்காரி போட்டது. வேண்டாம்னா விடுங்க."

தின்றார். பிரமாதம் என்றார்.

"வாய் கொப்பளிச்சுட்டு வந்துடறேன், சார்."

"பின்னால வரிசை நிக்குது. ஊதிட்டுப் போங்க."

சிவப்பு எரிந்தது. வாயைக் கழுவிவிட்டுக் கால் மணி நேரம் பொறுத்து ஊதியிருந்தால் பச்சை எரிந்திருக்கும். அதனால்தான் நான் பொறுக்கவில்லை. "சார், என் பொழப்பே போயிடும், சார்" என்றார். வரிசையில் நின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அவருடைய மலைப்பாதை வண்டிக்கு மாற்று ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வயதானவர்கள் குளிரில் காத்திருந்தார்கள். என்னிடமும் உரிமம் உண்டு; நானே எடுத்தேன். பாலத்துக்கு முந்திய வளைவில் வண்டி ஆற்றுக்குள் இறங்கியது. ஏழு பேர் வெளியே வரவில்லை.

என் ரத்தத்தில் இருந்த அளவைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டுகிறீர்கள், இன்ஸ்பெக்டர். ஊறுகாய் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்க மாட்டேன். காலையில் குடித்தேன். தினமும்தான் குடிக்கிறேன். ஆனால் என்னைக் குடிகார ஓட்டுநர்களோடு சேர்த்துப் பேசாதீர்கள். அவர்கள் போதைக்குக் குடிப்பவர்கள். நான் கை நடுங்காமல் இருக்கக் குடிக்கிறேன். இல்லாவிட்டால் அந்தக் கருவியை அவர்கள் வாய்க்கு நேராகப் பிடிக்க முடியாது.