வெந்நீர் டம்ளரின் மேல் நீந்தியவை

கண்ணுக்கு எட்டாததைக் கண்டு சொன்ன கூர்விழியாரே! கசையிழை என்னும் வால் சுழற்றிக் களிப்போடு நீந்தும் கிருமிகளைக் கையும் களவுமாகப் பிடித்த காவலரே! ஹனூரில் பிறந்து, மைசூரில் முப்பத்தொரு ஆண்டு நுண்ணோக்கியின் மேல் குனிந்தே முதுகு வளைந்த எங்கள் மூத்த ஆய்வக நுட்பநர் சென்னப்பன் அவர்களே, வணக்கம்.

பணி ஓய்வு பெறும் உங்களுக்கு, இவ்விழாவில் வாசித்தளிக்கும் இம்மடலை எழுதும் பொறுப்பு கனகாவிடம் வந்தது. உங்களுக்குப் பதினொரு நாள் பின்னால் பணியில் சேர்ந்து, அந்தப் பதினொரு நாளை இன்றுவரை மறக்காதவர் அவர். ஆகவே இதில் புகழ்ச்சியும் இருக்கும், பொறாமையும் இருக்கும். பொறாமைதான் கொஞ்சம் கூடுதல்.

மல மாதிரியில் ஒரு துளியை ஸ்லைடில் வைத்து நீங்கள் பார்த்தால், சவுக்கு போன்ற மெல்லிய வால்களை வீசி, உதிரும் இலைபோலப் புரண்டு புரண்டு ஜியார்டியா நீந்தும். குழந்தைகளை வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கில் வாட்டும் கிருமி அது. அதே மாதிரியைக் கனகா பார்த்தால் ஒன்றும் அசையாது. அசையாத கிருமி குப்பையோடு குப்பை. அவர் "இல்லை" என்று எழுதுவார். நீங்கள் அதை உங்கள் மேசைக்கு எடுத்துப்போய்ப் பார்த்து "இருக்குதுங்க" என்பீர்கள். குழந்தை மருத்துவர் நிர்மலா எந்த அறிக்கை போனாலும் முதலில் கேட்பது, "சென்னப்பன் பாத்தாரா?" என்றுதான். கேட்கும்போதெல்லாம் கனகாவுக்கு வயிறு எரிந்தது.

உங்கள் மேசையில் எந்நேரமும் மூடி போட்ட வெந்நீர் டம்ளர் ஒன்று இருக்கும். கூர்பார்வையின் ரகசியம் அந்த வெந்நீர்தான் என்று கனகா முடிவு கட்டினார். உங்களிடம் கேட்டால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று கேட்கவில்லை. தாமும் ஒரு டம்ளரும் மூடியும் வாங்கிவைத்து, ஆறு வருடம் விடாமல் வெந்நீர் குடித்தார். பார்வை அப்படியேதான் இருந்தது.

போன மார்கழியில் நீங்கள் மாதேஸ்வரன் மலைக்குப் போயிருந்தீர்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்து நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று, மூன்று வார வயிற்றுப்போக்கில் துவண்டு வந்து சேர்ந்தது. கனகா ஸ்லைடைப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. அதைக் கையில் எடுக்கும்போதே டாக்டர் நிர்மலாவின் போன் வந்தது. ஸ்லைடைப் பக்கத்திலிருந்த தம் டம்ளரின் மூடிமேல் வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றார்.

"சென்னப்பன் பாத்தாரா?"

"லீவுல இருக்காரு."

"அப்ப நாளைக்கு அவர் வந்து பாக்கட்டும். அப்புறம் மருந்து எழுதறேன்."

கனகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதே ஸ்லைடை மறுபடி நுண்ணோக்கியில் வைத்தார். கிருமிகள் அத்தனையும் வாலை வீசிக்கொண்டு நீந்தின. குளிரில் முடங்கிக் கிடந்தவை மூடியின் சூட்டில் எழுந்துவிட்டன. ஸ்லைடுக்கு வைக்கவேண்டிய சூட்டை ஆறு வருடம் குடித்துத் தீர்த்தோமே என்று அவருக்கு வெட்கமாகப் போனது.

உடனே டாக்டரைக் கூப்பிட்டு, "இருக்கு மேடம், நல்லா நீந்துது" என்றார்.

"யார் பாத்தது?"

முப்பத்தொரு வருடம் கனகா காத்திருந்த கேள்வி அது. ஆனால் தம் பெயரைச் சொன்னால் டாக்டர் நாளைவரை பொறுப்பார். குழந்தைக்கு ஒரு நாள் போய்விடும். "மலையிலேந்து இப்பத்தான் வந்தாரு. சென்னப்பன்தான் பாத்தாரு" என்றார். மருந்து அன்றே தொடங்கியது. கண்டவர் பெயர் எழுதும் பதிவேட்டிலும் உங்கள் பெயரையே எழுதிவிட்டு, கழிவறையில் போய் அழுதார்.

மறுநாள் நீங்கள் வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னார். "அது குடிக்கறதுக்கு இல்லீங்க, ஸ்லைடுக்குங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனுங்களே" என்றீர்கள். பதிவேட்டை எடுத்து, சிவப்பு மையால் உங்கள் பெயரை அடித்துவிட்டு "கனகா" என்று எழுதினீர்கள். இந்தப் பெருந்தன்மையும் இவருக்கே வாய்க்கவேண்டுமா என்று கனகா இன்னும் பொருமுகிறார்.

அந்தப் பதிவேட்டை யாரும் புரட்டுவதில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டர் நிர்மலாவுக்கு இதுவரை இது தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

பண்பில் பெரியவரே, பார்வை மங்காமல், முதுகு நிமிர்ந்து, மனைவி மக்களோடு நூறாண்டு வாழுங்கள். கனகா உங்களைவிடப் பதினொரு நாள் கூடுதலாக வாழட்டும். சால்வையும் சந்தன மாலையும் எடுத்துச் செல்லுங்கள். டம்ளரை மட்டும் மேசையிலேயே விட்டுவிடுங்கள். இம்மடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் உங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும். வருகிறவர்கள் உங்கள் புகழை வாசிப்பார்கள். வாசித்துக்கொண்டே வந்தால், அன்று பார்த்தது கனகா என்பதையும் வாசித்துத்தான் ஆகவேண்டும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத
ஆய்வக ஊழியர்கள்,
மைசூரு.