சத்தமில்லாத பெட்டி

சத்தம் போடாத கணினி வேண்டுமென்றால் சிறிய விசிறி வாங்கக் கூடாது. சிறியது அடக்கமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதே காற்றைத் தள்ளச் சிறிய விசிறி வேகமாகச் சுழல வேண்டும். வேகமாகச் சுழன்றால் கத்தும். பெரியது சோம்பேறியாகச் சுற்றி வேலையை முடித்துவிடும். கொம்தார் கோபுரத்துப் பக்கத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் கமாலுக்கே இதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணே, இத எடுத்துக்குங்க. ஏழு கலர்ல லைட் எரியும். எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க லா."

இருட்டில் உட்கார்ந்து படம் பார்க்கப்போகிறவனுக்கு ஏழு கலர் எதற்கு? நான் கேட்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்தக் கடையில் வைத்திருந்தார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் காது கிடையாது.

நீங்கள் ஐரீனைப் பற்றித்தான் கேட்டீர்கள், சார். வருகிறேன். கணினியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. நாள் முழுக்கக் காற்றுக் குழாய்களின் இரைச்சல். வேலை முடிந்து பாலத்துப் பக்கம் வந்தால் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல். கெலுகோரில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் மூன்று அறைகள். பிள்ளைகள் இல்லை. மூன்றாவது அறையைப் படம் பார்க்க ஒதுக்கினேன். பக்கத்து அறை என் மனைவி ஐரீனுடையது.

ஐரீனுக்கு நுரையீரல் தழும்பேறி இறுகிப்போயிருந்தது. காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓயாமல் ஓடும். அதிலிருந்து வரும் குழாய் எப்போதும் அவள் மூக்கில் இருக்கும். அது நின்றால் அவள் அதிக நேரம் தாங்க மாட்டாள் என்று டாக்டர் என்னிடமே சொன்னார். தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

எனக்குப் பிடித்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. கதாநாயகி வாசற்படியில் நிற்பாள். பேசுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பாள். பேசாமலே திரும்பிவிடுவாள். அந்த மூச்சு ஒலித்தடத்தில் பதிவாகியிருக்கிறது. என் வீட்டில் அது கேட்க வேண்டும். நான் விரும்பியது அவ்வளவுதான். பெரிய ஆசை என்று யாரும் சொல்ல முடியாது.

சுழலும் வட்டை எடுத்துவிட்டு, சுழலாத சேமிப்பான் போட்டேன். சூடாகாத, மெதுவான செயலிச் சில்லு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் தலையில் செங்கல் அளவுக்கு ஓர் அலுமினியக் கட்டியை வைத்தேன். விசிறியே இல்லாத மின்வழங்கி வாங்கினேன். அது கொசுபோல ரீங்காரம் செய்தது. திருப்பிக் கொடுத்தேன். அடுத்ததும் ரீங்காரம் செய்தது. கமால் அதைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் கேக்கலையே அண்ணே," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்காதவர்களுக்கு நடுவில் கேட்கிறவனாக வாழ்வது எவ்வளவு எரிச்சல் என்று உங்களுக்குத் தெரியாது.

மூன்றாவது மின்வழங்கி வாய் திறக்கவில்லை. கணினியும் அடங்கியது. அப்போதுதான் பக்கத்து அறை கேட்டது.

ஒரு சத்தத்தை எடுத்தால் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த அடுத்த சத்தம் வெளியே வரும். ஐரீனின் இயந்திரம் உறுமும். உறுமலுக்கு நடுவில் புஸ்ஸென்று காற்றை விடும். மறுபடி உறுமும். கதாநாயகி மூச்சு இழுக்கும் இடத்தில் சரியாகப் புஸ்ஸென்றது. நான் ஐரீனிடம் தன்மையாகத்தான் பேசினேன்.

"எனக்கு அந்தச் சத்தம் வேணும்ங்க," என்றாள். "அது கேட்டாத்தான் பயமில்லாம தூங்குறேன். ஓடுதுன்னு தெரியுதுல்ல."

"ஓடுறதுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்ல ஐரீன். என் கம்ப்யூட்டரும்தான் ஓடுது. சத்தம் கேக்குதா?"

அவள் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் படுத்தாள். பேசினால் அவளுக்கு மூச்சு வாங்கும். ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் சின்னச் சத்தங்களை எடுத்தேன். அவசரத்துக்கென்று கட்டிலோரம் ஒரு சிலிண்டர் நின்றது. அதைத் திறக்கும் சாவி சங்கிலியில் தொங்கி, மின்விசிறிக் காற்றில் ஆடி டிங் டிங் என்று இடிக்கும். கழற்றி என் கருவிப் பெட்டியில் பத்திரமாக வைத்தேன். அவளிடம் ஒரு கைமணியும் இருந்தது. அவள் தங்கை மிஷெல் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவில் வாங்கிக் கொடுத்தது. அற்பத்துக்கெல்லாம் அதை ஆட்டுவாள். மணி வேண்டாம், ஏதாவது என்றால் சுவரில் தட்டு, நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று சொல்லி அதையும் கருவிப் பெட்டியில் வைத்தேன்.

பிறகு இயந்திரத்துக்குப் பலகையில் ஒரு பெட்டி செய்தேன். உள்ளே கணினிக்கு வாங்கியதில் மீந்த பஞ்சுத்தகடு ஒட்டினேன். காற்று போக வர இடம் விட்டேன். பெரிய ஓட்டை வைத்தால் சத்தமும் அதே வழியாக வரும், அதனால் அளவாக வைத்தேன். அதன் விசிறியையும் கொஞ்சம் மெதுவாக்கினேன். அழகாக அமைந்தது. உறுமல் அடங்கி, தூரத்தில் எங்கோ ஃபிரிட்ஜ் ஓடுவது போல ஆகிவிட்டது.

ஆனால் பெட்டிக்குள் சூடு ஏறியதும் அலாரம் அடித்தது. திறந்து ஆற வைத்தேன். மூடினால் மறுபடி அடித்தது. இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சார். ஓடுகிற இயந்திரம் எதற்குக் கூவ வேண்டும்? எங்கள் தொழிற்சாலையில் இதைத் தொல்லை அலாரம் என்போம். வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடர்வோம். நான் தினமும் செய்கிற காரியம். ஒரே ஒரு விதி உண்டு: அலாரத்தைக் கழற்றியவன் அந்த இயந்திரத்தை விட்டு நகரக் கூடாது.

வயரைக் கழற்றினேன். நான் நகரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சுவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மிஷெல் கோயிலிலிருந்து நேரே வந்தாள். நான் பள்ளிவாசல் சாலைக்குப் போய் நாசி கண்டார் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மூவரும் சாப்பிட்டோம். மிஷெல் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அத்தான், என்னா இது? அடுப்பு மாதிரி சுடுது. தொறந்து வைங்க லா."

"கணக்குப் போட்டுத்தான் செஞ்சிருக்கேன். நீ ஸ்கூல்ல புள்ளைங்களுக்குப் பாடம் நடத்து. எனக்கு வேணாம்."

"அக்கா, மணி எங்கக்கா?"

ஐரீன் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைக் காட்டினாள். மிஷெலுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. கிளம்பும் முன் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். அதையும் உங்களிடம் சொல்லியிருப்பாள். உண்மைதான். அவள் லிஃப்டில் இறங்கியதும் நான் போய் மூடினேன். ஐரீன் என் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு மட்டும் தொறந்து இருக்கட்டுங்க."

இத்தனை மாதம் ஒவ்வொரு உதிரியாகத் தேடி அலைந்தவனிடம் இன்றைக்கு மட்டும் என்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. ஒரே படம், முடிந்ததும் திறக்கிறேன் என்று சொல்லி, அவள் கையை மெதுவாக எடுத்துப் போர்வைமேல் வைத்தேன்.

என் அறைக் கதவை மூடினேன். கதவின் அடியில் ரப்பர் பட்டை உண்டு. படம் தொடங்கியது. அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. கணினி இருக்கிறதா என்றே தெரியவில்லை. பெட்டியின் மெல்லிய முனகல்கூட ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. நின்றதைக் கவனித்தேன். பஞ்சுத்தகடு நன்றாகப் படிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

சூடு அளவு மீறி இயந்திரம் தானாக நின்றுவிட்டது என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். சரியாக எழுதியிருக்கிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

சுவரில் தட்டியது கேட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கேட்காது என்று எப்படி நினைத்தீர்கள்? ஊரில் யாருக்கும் கேட்காதது எனக்குக் கேட்கும். கதாநாயகி வாசற்படிக்கு வந்தாள். நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அப்போது தட்டும் சத்தம். பலமாக இல்லை, விரல் முட்டியால் தட்டுவது போல. விட்டு மறுபடியும். படத்தை நிறுத்தினேன். எழுந்து போய்க் கணினியில் காதை வைத்தேன். ஏதாவது திருகு தளர்ந்திருக்குமோ என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். அதற்குள் தட்டுவதும் நின்றுவிட்டது.

கணினியில் ஒரு குறையும் இல்லை. அது உறுதியானதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உட்கார்ந்து, படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஓட்டினேன். இல்லாவிட்டால் அந்த மூச்சைத் தவறவிட்டிருப்பேன்.