கொழுப்பு இருந்தால் நல்லது

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் அகரம் போகும் டவுன் பஸ் கிளம்புவதாகவே இல்லை. எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாளின் மடியில் ஸ்கேன் கவர்.

"எனக்குக் கொழுப்பு இருந்தா நல்லதாம்" என்றார் அந்த அம்மாள். நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"யாரு சொன்னது?"

"டாக்டருதான். நீங்களும் பக்கத்துலதான நின்னீக?"

"நின்னேன். ஒண்ணும் வெளங்கல. கிட்னில கட்டின்னாரு. அதுக்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"கட்டிக்குள்ள கொழுப்பு தெரிஞ்சா அது சாதாக் கட்டியாம். பயப்பட வேணாமாம்."

"தெரியலைன்னா?"

"கேன்சராவும் இருக்கலாமாம், சாதாவாவும் இருக்கலாமாம். இந்த ஸ்கேன்ல சரியாப் புடிபடலையாம். அதான் நாளைக்குப் பெரிய ஸ்கேன் எடுக்கச் சொல்லிருக்காரு."

"எனக்கு ரத்தத்துல கொழுப்புன்னு எண்ணெயே ஆகாதுங்குறாக. ஒனக்கு மட்டும் நல்லதா? அப்ப ராத்திரி நல்லா நெய்ய ஊத்திச் சாப்பிடு. காலைக்குள்ள சேந்துரும்ல?"

"திங்கிறதுல சேர்ற கொழுப்பு இல்லங்க அது."

"பெறகு எதுல சேரும்?"

"எனக்கென்ன தெரியும்?"

பஸ் ஒருவழியாக நகர்ந்தது.

"கல்யாணம் ஆனதுலேருந்து கொழுப்பு புடிச்சவ, கொழுப்பு புடிச்சவன்னு திட்டுனீகளே" என்றார் அந்த அம்மாள். "இப்ப ஒருதரம் சொல்லுங்க."

கணவர் கவரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கொழுப்புதான்டி ஒனக்கு. வேற ஒண்ணும் இருக்காது."