அறுபது டிகிரி

எங்கள் பரிசோதனை அறையில் இரண்டு நாற்காலிகள் உண்டு, ஐயா. இரண்டாவதில் ஆறு வருடமாகக் கோப்புகள்தான் உட்கார்ந்திருந்தன. நான் ஒண்டிக்கட்டை. காலையில் கதவைத் திறந்தால் மாலையில் பூட்டும்வரை ஈ காக்கை எட்டிப் பார்க்காது.

கீழே பட்டறையில் எஃகைப் பழுக்கக் காய்ச்சி அடித்து, பேருந்தின் முன்சக்கரத்தைத் தாங்கும் கைகளைச் செய்வார்கள். தொகுதிக்கு ஒரு துண்டை உலைக்காரர் மேலே அனுப்புவார். நான் மெருகேற்றி, அமிலம் தடவி, நுண்நோக்கியில் பார்ப்பேன். எஃகு சின்னச் சின்ன மணிகளால் ஆனது. அவை பெருத்துவிடாமல் நுண்ணிய துகள்கள் ஓரங்களைப் பிடித்துவைத்திருக்கும். சூடு மிஞ்சினால் துகள்கள் கரைந்துவிடும். பிடி விட்ட மணிகள் பக்கத்து மணிகளை விழுங்கிப் பெருத்துவிடும். வெளிப்பார்வைக்கு எஃகு வலுவாகவே இருக்கும். ஓர் அதிர்ச்சியில் படக்கென்று முறியும்.

தேறிய தொகுதிக்கு என் கையெழுத்து போதும். தேறாததற்கு மட்டும் உலைக்காரர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அப்படித்தான் அவர் முதன்முதலில் மாடியேறி வந்தார். கோப்புகளைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு வறண்ட குளத்து வெடிப்பு மாதிரிதான் சார் தெரியுது. இதைப் பார்க்கவா உங்களுக்குச் சம்பளம்?" என்று சிரித்தார். தேநீர் குடித்தார். "ஒண்டியா எப்படி சார் காலம் தள்றீங்க?" என்றார். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

பிறகு இரண்டு மாதம் எல்லாத் தொகுதிகளும் தேறின. அவர் வரவில்லை. எனக்குத் தனிமை தாங்கவில்லை. உலையின் வெப்பமானியைச் சரிபார்ப்பதும் என் வேலைதான். அதன் முள் அறுபது டிகிரி குறைத்துக் காட்டும்படி மாற்றிவைத்தேன். அவர் முள்ளை நம்பிச் சூட்டை ஏற்றினார். மணிகள் பெருத்தன. அவர் வந்தார். கொஞ்சம் எஃகுதான் வீண். யார் குடியும் முழுகிவிடவில்லை.

நான்காவது தொகுதியும் தேறாதபோது மேலாளர், "இன்னொண்ணு போச்சுன்னா அந்த ஆளை வேற ஊருக்கு மாத்திடுவேன்" என்றார். ஐந்தாவதை அதற்குள் அடித்து முடித்திருந்தார்கள். அதன் மணிகள் எல்லாவற்றையும்விடப் பெரியவை. அவரை இழக்க எனக்கு மனமில்லை. பழைய நல்ல துண்டொன்றைப் படமெடுத்து அறிக்கையில் ஒட்டி, தேறியது என்று எழுதினேன். முள்ளையும் சரியாக்கினேன், அதனால்தான் பின்னால் உங்கள் ஆட்கள் சோதித்தபோது அது ஒழுங்காக இருந்தது.

அந்தத் தொகுதியின் கை ஒன்று இறக்கத்தில் முறிந்து பேருந்து கவிழ்ந்தது. ஒன்பது பேர். அவர்களுக்காக வருந்துகிறேன். உலையைக் காய்ச்சியவரும் துண்டை அனுப்பியவரும் அவர்தான் என்று மட்டுமே உங்களிடம் சொன்னேன். சூட்டை மிஞ்சவிட்டு, வேறு நல்ல துண்டை அனுப்பி ஏமாற்றினார் என்று நீங்களே முடிவுகட்டி அவரை உள்ளே வைத்தீர்கள்.

நான்கு மாதம் ஒவ்வொரு புதன்கிழமையும் சிறைக்குப் போய் அவரைப் பார்த்தேன். அவர் அவசரமாக எழுந்து போக வேண்டிய வேலை எதுவும் அங்கே இல்லை. ஆற அமரப் பேசினோம். "முள்ளுக்கு மேல நான் ஏத்தவே இல்ல சார். நீங்களாவது நம்புறீங்களா?" என்பார். "நம்புறேன்" என்பேன். அது பொய்யல்ல. நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

போன வாரம் சிறை வாசலில் அவர் மனைவி இரண்டு மகள்களோடு நின்றார். "இனிமே வராதீங்க சார். வாரத்துக்கு அரைமணி நேரம்தான் தர்றாங்க. பிள்ளைங்க அப்பாவைப் பார்க்கவே அது பத்தல" என்றார்.

ஆகவே இங்கே வந்தேன். முள்ளை மாற்றியது நான், துண்டை மாற்றியதும் நான். ஆனால் இருவரும் சேர்ந்து செய்தோம் என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எங்களை ஒரே அறையில் போடுங்கள். அவர் மறுக்கமாட்டார். என்னை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?