முப்பத்தேழு தடவை

இரவு இரண்டே கால். ஊருக்கு வெளியே சுற்றிப் போகும் பெரிய சாலை. பாதி விளக்குகள் எரியவில்லை. ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் தலைதெறிக்கப் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவன் ஹெல்மெட்டை ஆபீஸிலேயே விட்டுவிட்டான். சட்டைப் பையில் போன் ஒரு தடவை அதிர்கிறது... நிற்கிறது... மறுபடி அதிர்கிறது.

அவன் எண்ணிக்கொண்டே ஓட்டுகிறான். இருபத்தொன்று... இருபத்திரண்டு...

கிட்ட வந்து உட்காருங்கள். கத்திச் சொல்கிற கதை இல்லை இது. நான் நேரில் பார்த்ததும் இல்லை. என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவனின் சித்தப்பா மகனுக்கு நடந்தது. அவனைக் குடும்பத்தில் எல்லோரும் வாட்ச்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பிக்கு என்ன வேலை என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் அவன் அக்கா, "கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன்" என்று சொல்லி வைத்தாள். அதுவே ஒட்டிக்கொண்டது.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா அம்மா போனபிறகு அவனைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள்தான். தனக்கென்று எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. ராத்திரியில் வந்துவிட்டால் பேச்சே வராது, எழுந்திருக்கவும் முடியாது. அதனால் கழுத்தில் ஒரு பட்டன் மாட்டியிருப்பாள். அழுத்தினால் வீட்டு இன்டர்நெட் வழியாக ஆம்புலன்ஸுக்கும் தம்பியின் போனுக்கும் தகவல் போய்விடும். போனதும் பட்டனில் பச்சை விளக்கு எரியும். அந்தப் பச்சை விளக்கை நம்பித்தான் அவன் ராத்திரி வேலைக்கே ஒத்துக்கொண்டான்.

வேலை என்னவென்றால், கடைகள், பள்ளிக்கூடங்கள், சின்னச் சின்னக் கம்பெனிகள் என்று பலருடைய கணக்குகளும் கடிதங்களும் இருக்கிற சர்வர்களைக் காவல் காப்பது. நாம் தூங்குகிறோம், அந்தக் கம்ப்யூட்டர்களின் கதவை உலகம் பூராவும் இருந்து எவனாவது தட்டிக்கொண்டே இருக்கிறான். இந்தப் பாஸ்வேர்டா, அந்தப் பாஸ்வேர்டா என்று ஒரே ராத்திரியில் ஆயிரம் தடவை போட்டுப் பார்ப்பான். தட்டுகிறவன் முகம் தெரியாது. அவன் எந்த இணைப்பிலிருந்து வருகிறானோ அதன் எண் மட்டும் தெரியும். ஐபி முகவரி என்பார்கள். வாட்ச்மேன் அந்த முகவரிகளைக் குறித்து, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்று எழுதி, இணைப்புக் கொடுத்த கம்பெனிக்குப் புகார் அனுப்புவான். அங்கே ஆளே கிடையாது, மெஷின்தான் படிக்கும். வாட்ச்மேனின் ஆபீஸிலிருந்து புகார் வந்தால் இரண்டே நிமிஷத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

ஒரு விதி இருந்தது. அனுப்புமுன் அந்த முகவரி யாருடையது என்று பார்க்க வேண்டும். வீடு என்றால் துண்டிக்கச் சொல்லக் கூடாது. பாவம், அவர்கள் வீட்டு கேமராவிலோ கம்ப்யூட்டரிலோ எவனோ புகுந்து உட்கார்ந்திருப்பான், அவர்களுக்கே தெரியாது. முதலில் ஒரு கடிதம் போட்டு ஒருநாள் அவகாசம் தர வேண்டும். இப்படிப் பார்க்க ஒரு முகவரிக்கு நாலு நிமிஷம் ஆகும். ஒரு ராத்திரிக்கு இருநூறு முகவரி. எவன் பார்ப்பான்? வாட்ச்மேன் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக்கொண்டான். என்டர் தட்டினால், யாருடையது என்று பார்க்காமலே இருநூறும் மொத்தமாகப் போய்விடும். மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு, இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

ஆறு மாசம் கழித்து அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் லாரி ஓட்டுகிறவர்.

"சார், நீங்க புகார் குடுத்தது எங்க வீட்டு நம்பர். கெட்டுப்போனது வாசல்ல மாட்டியிருந்த கேமராவாம். அன்னைக்கு ராத்திரி லைன் கட்டாயிடுச்சு. என் மனைவி நெஞ்சுவலிக்காரி, கழுத்துல பட்டன் போட்டிருந்தா. நான் லோடு ஏத்திட்டு வெளியூர் போயிருந்தேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தேன். முப்பத்தேழு தடவ அவ அழுத்தியிருக்கான்னு அந்த மெஷின்ல பதிவாயிருக்கு. உங்கள ஒண்ணும் சொல்லல. இனிமே பாத்து அனுப்புங்க."

நாலைந்து தடவை படித்தான். அக்காவிடம் காட்டவில்லை. அதே பட்டனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சோறு போடுகிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? ஒரு வாரம் ஒவ்வொரு முகவரியாகப் பார்த்து அனுப்பினான். வேலை மலைபோல் குவிந்தது. எட்டாம் நாள் பழையபடி என்டர் தட்டினான்.

அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

இரவு இரண்டு ஐந்துக்கு ஒரு முகவரி சர்வரைத் தட்டியது. பெயர் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை... வெறும் தட்டல். திருடன் அப்படித் தட்டமாட்டான். முகவரியைப் பார்த்தான். அந்த லாரிக்காரர் வீட்டு எண்.

இணைப்புக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். அந்த எண்ணை இப்போது யாருக்கும் கொடுக்கவில்லை, சும்மா கிடக்கிறது என்று பதில் வந்தது.

மறுநாளும் இரண்டு ஐந்து. அதற்கு மறுநாளும். அந்த எண் தட்டும்போதெல்லாம் தன் போன் அதிரும்படி செய்துவைத்தான். மூன்றாம் நாள் நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தான். முதல் பத்து தட்டல் சடசடவென்று விழுந்திருந்தது. பிறகு கொஞ்சம் இடைவெளி... அப்புறம் இன்னும் கொஞ்சம். கடைசி நாலுக்கு நடுவில் ஐந்து ஐந்து நிமிஷம். கூட்டிப் பார்த்தால் முப்பத்தேழு. அது கம்ப்யூட்டர் தட்டுகிற தாளம் இல்லை. ஓய்ந்து போய்க்கொண்டிருக்கிற ஒரு கையின் தாளம்.

மேனேஜரிடம் சொன்னான். "தூக்கம் போதலப்பா உனக்கு. லீவு போடு" என்றார் அவர்.

நாலாம் நாள் அவனுக்கு ஒரே ஒரு நினைப்புதான். இரண்டு ஐந்துக்கு அந்த நாற்காலியில் இருக்கக் கூடாது. அவசர அவசரமாக அன்றைய முகவரிகளைத் திரட்டினான். யார் எவர் என்று பார்க்கவில்லை. ஒன்று ஐம்பத்தாறுக்கு என்டர் தட்டிவிட்டு, டீ குடிக்க எழுந்தான்.

ஒன்று ஐம்பத்தெட்டுக்குப் போனில் ஒரு செய்தி. 'வீட்டு பட்டன் தொடர்பில் இல்லை.'

அனுப்பிய பட்டியலைத் திறந்தான். நூற்றுப் பதினாலாவது வரியில் அவன் வீட்டு எண். அங்கிருந்து ஒரே ஒரு தட்டல் வந்திருந்தது. பெயர் இல்லை. பாஸ்வேர்ட் இல்லை.

அக்காவின் செல்லுக்கு அடித்தான். அந்த வீட்டுக்குள் சிக்னல் வராது, அதுவும் வீட்டு இன்டர்நெட்டில்தான் ஓடுகிறது. கீழ்வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. இணைப்புக் கம்பெனிக்கு அடித்தால், காலை ஒன்பது மணிக்கு மேல் அழைக்கவும் என்று ஒரு பெண் குரல் இனிக்க இனிக்கச் சொன்னது. ஆம்புலன்ஸுக்கு அடித்தான். "பேஷன்டுக்கு என்ன பண்ணுது?" என்றார்கள். "தெரியல" என்றான். "தெரிஞ்சதும் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

வண்டியை எடுத்தான்.

இரண்டு ஐந்துக்குப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. சடசடவென்று பத்து. அப்புறம் இடைவெளி விட்டு, இடைவெளி விட்டு... எண்ணக் கூடாது என்று நினைத்தாலும் மனசு எண்ணியது. இது அந்த லாரிக்காரர் மனைவியா, இல்லை இந்நேரம் அக்காவும் அங்கே அழுத்திக்கொண்டிருக்கிறாளா? வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினான். காற்றில் அழுகை அவன் காதுக்கே கேட்கவில்லை.

வீட்டுப் படி ஏறும்போது முப்பத்தாறாவது அதிர்ந்தது. சாவியைத் துவாரத்தில் வைத்தபடி நின்றான். அடுத்ததற்கு முன் உள்ளே போய்விட வேண்டும் என்று என்னவோ ஒரு வெறி. பூட்டைத் திறந்தான். சாயங்காலம் அவனே பூட்டிவிட்டுப் போன பூட்டு அது.

கூடத்தில் இருட்டு. மூச்சுக்குழாய் மருந்தின் கசப்பு வாடை... கூடவே டீசல் வாடை. அவன் வண்டி பெட்ரோல் வண்டி.

விளக்கைப் போட்டான்.

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அவன் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டு தேம்பினான். உயிரோடு இருக்கிறாள்... அது போதும் அவனுக்கு.

"எதுக்குடா அழுற? ஒண்ணும் ஆகல" என்று தலையைத் தடவினாள். "ஆமா, யாருடா அந்தம்மா? நீ அனுப்பி வச்சியா?"

"எந்தம்மா?"

"ரெண்டு மணிக்கு மேல மூச்சு இறுக்கிடுச்சு. பட்டன அழுத்துறேன், அழுத்துறேன், பச்ச லைட்டே வரல. அவ்வளவுதான் நம்ம கதைன்னு நெனச்சேன். பாத்தா, பக்கத்துல உக்காந்திருக்கா. 'அழுத்தாதீங்க, போகாது. நான் நெறைய அழுத்திப் பாத்துட்டேன்'னா. டிராயர்ல இருந்து மருந்த எடுத்து அவதான் வாயில வச்சா. பாவம்டா, கட்டைவிரல் நகம் அப்படியே கறுத்துப் போயிருந்துச்சு."

அவன் அவள் காலை விட்டான்.

"உன்னப் பத்தித்தான் கேட்டா. 'உங்க தம்பி எல்லாத்தையும் பாத்துத்தான் அனுப்புவாரா?'ன்னு."

"நீ... என்னக்கா சொன்ன?"

"என்ன சொல்லுவேன்? நான் வளத்த பிள்ளை, பாக்காம ஒரு வேலையும் செய்ய மாட்டான்னு சொன்னேன். அப்புறம், 'சரி, நானும் ஒரு தடவ பாத்துடறேன்'னு எந்திரிச்சு உன் ரூமுக்குப் போனா."

அவன் மெல்லத் திரும்பினான். அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் கம்ப்யூட்டர் திரையின் நீல வெளிச்சம். எழுந்து போய்த் தள்ளிப் பார்த்தான். உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினான்.

"தட்டாதடா" என்றாள் அக்கா. "ஒவ்வொரு வீடா பாத்துக்கிட்டிருக்கா. லிஸ்ட் ரொம்பப் பெருசாம்."