இரண்டாவது சாட்சி, கேப்டன் ஸ்டமாதிஸ்

1968 அக்டோபர் 3, பிரேயஸ் துறைமுக நகரம். ஆங்கிலப் பாய்க்கப்பல் சொற்களுக்குக் கிரேக்கச் சொல் தேடும் குழு அன்று கூடி ஒரு விதி எழுதியது: இரண்டு கடலோடிகளின் சாட்சி இல்லாமல் எந்தச் சொல்லும் அகராதியில் ஏறாது. குழுவின் செயலாளர் நான். எனக்கு விதிகளைப் பிடிக்கும்.

ஆயிரத்து இருநூறு ஆங்கிலச் சொற்களோடு என் அம்மா பிறந்த தீவுக்குப் போனேன். பாய்க்கப்பலில் வேலை பார்த்தவர்களில் அங்கே மிஞ்சியிருந்தவர் ஒருவர்தான், கேப்டன் நிகிதாஸ். துறைமுகத்தில் பாய்ப்படகுப் பள்ளி ஒன்று திறக்கப்போவதாகவும் அவர்தான் ஆசிரியர் என்றும் ஊரில் பேச்சு. அதற்காகப் புதுத் தொப்பியே வாங்கி வைத்திருந்தார்.

எதைக் கேட்டாலும் கயிற்றைக் கையில் கொடுத்துத்தான் சொல்வார். பாயை ஏற்றும் கயிறு மந்தாரி. இழுத்துப் பிடிக்கும் கயிறு ஸ்கோதா. ஒரு நாள் துறையில் கட்டியிருந்த தன் படகில் ஏறச் சொன்னார். ஏறினேன். சற்று நேரத்தில் விளிம்பில் குனிய வேண்டியதாயிற்று.

அன்று மாலை காபிக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "கட்டிப்போட்ட படகுலயே வாந்தி எடுக்கிறாரு நம்ம வாத்தியார். இவர்தான் கடலுக்கு அகராதி எழுதப்போறாராம்."

"எழுதின தாளைக் காயவெச்சு அனுப்புங்க வாத்தியாரே," என்றார் கடைக்காரர் தியோலோகோஸ்.

நானும் சிரித்தேன். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சாட்சிதான் சிக்கல். ஆகவே கேப்டன் ஸ்டமாதிஸை உண்டாக்கினேன். அதே தீவில் பிறந்தவர், 1931இல் காலமானவர், ஒரு குறிப்பேட்டை விட்டுச் சென்றவர். அதை நான்கு வாரத்தில் எழுதி, காபியில் நனைத்து, மொட்டைமாடியில் உலர்த்தினேன்.

முதலில் அவர் நிகிதாஸ் சொன்னதையே சொன்னார். ஆனால் எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற இரண்டு கேப்டன்களை யாரும் நம்பமாட்டார்கள். எனவே சில இடங்களில் மாறுபட்டார். பிறகு பல இடங்களில். குழுவுக்கு அவருடைய சொற்களே பிடித்தன. நிகிதாஸின் சொற்களில் இத்தாலிய வாடை அடித்தது. ஸ்டமாதிஸோ பழங்கிரேக்கத்தில் பாய் விரித்தார். தவிர, இறந்தவர் குறுக்கே பேசுவதில்லை. 'நிகிதாஸ் கூறுவது பிழை' என்ற அடிக்குறிப்பு முந்நூற்றுப் பதினொரு இடங்களில் அச்சாயிற்று. ஒவ்வொன்றையும் நிதானமாகத்தான் எழுதினேன்.

1970 வசந்தத்தில் புத்தகம் தீவுக்குப் போனது. ஊர்மன்றம் பள்ளிக்கு ஸ்டமாதிஸின் பெயரை வைத்தது. சிலைக்குப் படம் கேட்டார்கள். என் தாய்மாமாவின் படத்தை அனுப்பினேன். பிரேயசில் செருப்புக்கடை வைத்திருந்தவர். மீசை எடுப்பாக இருக்கும். இத்தனை பிழை செய்த நிகிதாஸை ஆசிரியராக வைக்கலாமா என்று மன்றம் தயங்கியது. அவர் வேலை தள்ளிப்போயிற்று.

நான் மறுபடி தீவுக்குப் போனபோது காபிக்கடையில் நிகிதாஸ் கேட்டார்: "யாருய்யா இந்த ஸ்டமாதிஸ்? அறுபத்தெட்டு வருஷமா இந்தத் துறையிலதான் கிடக்கேன். நான் பார்த்ததே இல்லையே."

"பொறாமைப்படாதீங்க கேப்டன்," என்றார் தியோலோகோஸ். "எங்கப்பாவுக்கு அவரை நல்லாத் தெரியும். தங்கமான மனுஷன். கொஞ்சம் குடிப்பாராம்."

நிகிதாஸ் என்னைப் பார்த்தார். நான் கோப்பையின் அடியில் தங்கிய மண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவர் கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

மே மாதம் சிலைத் திறப்பு. ஸ்டமாதிஸின் ஆன்மாவுக்காக வேகவைத்த கோதுமையைச் சர்க்கரை தூவிக் கொடுத்தார்கள். அவரை அறிந்தவர்கள் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார் பாதிரியார். பின்வரிசையிலிருந்து நிகிதாஸ் எழுந்து வந்தார். புதுத் தொப்பியைக் கழற்றி, என் மாமாவின் வெண்கல மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பதினாலு வயசுல அவர் கப்பல்ல ஏறினேன்," என்றார். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. தப்பு மட்டும்தான் என்னோடது."

பலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும்தான்.

அவருக்கு நான் தீங்கு செய்தேனா என்று கேட்கிறீர்கள். ஸ்டமாதிஸின் கடைசி மாணவர் என்ற தகுதியில்தான் மன்றம் அவருக்கு வேலை கொடுத்தது. என்னால் கிடைத்த வேலை அது. ஜூன் முதல் தேதியிலிருந்து அவர் என் அகராதியை வைத்தே பாடம் நடத்துகிறார்.